பனிக்கு அந்தப் பக்கம்

நாம்தான் நடுவில் இருக்கிறோம் என்று ஏன்தான் சொல்லித் தொலைத்தேனோ... நேற்று பி.யு.சி. வகுப்பில், அண்டம் விரிந்துகொண்டே போகிறது, நட்சத்திர மண்டலங்கள் எல்லாம் நம்மை விட்டு விலகி ஓடுகின்றன, அதனால் நாம்தான் நடு என்று சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, சுற்றி வட்டமும் போட்டாயிற்று, அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள் பவளம், திருப்புலிவனத்துப் பெண், அதுவரை வாயே திறக்காதவள், "அங்க கீறவங்க பாத்தா சார்? அவங்களுக்கும் நாமதான் ஓடுவோம், அப்ப யாரு நடு?" என்றாள், 'இருக்கிறவங்க' என்காமல் 'கீறவங்க' என்றது காதில் விழுந்ததும் வகுப்பே சிரித்தது, எனக்கோ பதில் தெரியவில்லை, அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டேன், "முதல்ல ஒழுங்கா பேசக் கத்துக்கோ, உட்காரு." சீ, நானும் உத்திரமேரூர்க்காரன்தானே, என் வீட்டில் 'கீது' சொல்லாதவர் யார்?

ராத்திரியே புத்தகத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும், பயம், புரட்டவில்லை, இதோ காலேஜுக்குப் போகிற காஞ்சிபுரம் பஸ்ஸும் ஏரிக்கரையில் நின்றுவிட்டது, "ரோடே தெரில சார், பனி வுடட்டும்" என்கிறார் கண்டக்டர் முனிரத்தினம், இறங்கி நின்றேன், என்னைச் சுற்றிப் பத்தடி பளிச்சென்று தெரிகிறது, அதற்கப்பால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைச் சுவர், ஆக நடுவில் நான், பார் பார், இப்படித்தானே... கீரைக்கூடையோடு ஒரு அம்மாள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்தாள். "எப்படிம்மா வந்தே, அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலையே?" "இன்னா சாரு, நான் வந்த எடமெல்லாம் நல்லாத்தான் கீது, அங்கேர்ந்து பாத்தா நீ நிக்கிற எடந்தான் ஒண்ணியும் தெரில." சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். அடேயப்பா! அவளுக்கும் ஒரு வட்டம், நடுவில் அவள், கூடவே நடந்து வந்திருக்கிறது, அப்படியானால் கோடி கோடி தூரத்தில் ஒரு நட்சத்திரத்தடியில் எவனோ நின்று நம்மைப் பார்த்து, அதோ ஓடுகிறார்கள் என்பான், அவனும் நடு, நானும் நடு, நடு என்று ஒன்றே கிடையாது... இவ்வளவு பெரிதா, இவ்வளவு பெரிதையா அந்தப் பெண் ஒற்றைக் கேள்வியில் கேட்டாள்?

பஸ் நகர்ந்து திருப்புலிவனத்தில் நின்றது, பவளம் ஏறினாள், என்னைப் பார்த்தாள், முன் சீட்டெல்லாம் காலியாக இருந்தும் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும், இன்றைக்கு வகுப்பில் சொல்லிவிடுவேன், நடு கிடையாது, நீ கேட்டதுதான் சரி என்று, அது சுலபம்... வகுப்பைச் சிரிக்கவிட்டதை எப்படிச் சொல்வது? திரும்பிப் பார்த்தேன், அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், விலகிப் போகிறாளே என்று நினைத்தேன், அவள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஓடிப்போனவன் நான்தானே...