கதவு வழியாகப் போகாத அலமாரி

1

புத்தகம் அடுக்க ஓர் அலமாரி வாங்கப் போய், அலமாரி இல்லாமல் இந்தக் கதையோடு திரும்பியவன் நான். வியன்னாவில் பழஞ்சாமான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றில், கடைக்காரர் ஒரு செர்ரி மர அலமாரியின் மேல் கையை வைத்துக்கொண்டு, பீடர்மையர் பாணி, கிட்டத்தட்ட இருநூறு வருஷப் பழசு என்றார். ஆணியே கிடையாதாம். ஆப்புகளை உருவினால் பலகை பலகையாகக் கையோடு வந்துவிடுமாம். பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"இத வெச்சிருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு இதக் கழட்டலாம்னே தெரியாது. மீதிப் பேருக்குத் தெரியும், ஆனா வெளிய சொல்ல மாட்டாங்க."

என் புத்தகங்கள் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன. அந்த மீதிப் பேரில் ஒருத்தி மட்டும் என்னோடு டிராம் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

"ஹெர்மினே போகோர்னி சனிக்கிழமைதோறும் அலமாரியைத் துடைப்பாள்." சப்பென்று இருக்கிறது.

"அந்த அலமாரியின் ரகசிய அறைக்குள் மஞ்சளேறிய ஒரு கடிதம்" – வேண்டாம், இதை முடிக்கப் போவதில்லை. பழைய அலமாரி என்றால் ரகசிய அறை, ரகசிய அறை என்றால் காதல் கடிதம் என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். இந்த அலமாரியில் கடிதம் கிடையாது. அதற்காக வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

"ஓட்டோகரை இழக்க ஹெர்மினேவுக்கு மனமில்லை, அவரோடு போகவும் மனமில்லை." இதுதான் கதை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு என்ன வேலை? சரி, சொல்லியாகிவிட்டது.

3

ஹெர்மினே எழுபதைத் தாண்டியவள். மார்கரெட்டன் பகுதியில் இரண்டாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. கணவர் ருடோல்ஃப் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. ஓட்டோகர் வெஸ்ஸெலி டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஞாயிறுதோறும் அவள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. ஆப்ரிகாட் பழத்தை உள்ளே வைத்து அவள் பிடிக்கும் கொழுக்கட்டைக்காக* முழங்கால் வலியோடு படியேறுவார். பாதி வழியில் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வார். இத்தனை பழகியும் இருவருக்கும் நடுவே 'நீங்க'தான். இந்த ஊரில் 'நீ' என்பது முறைப்படி கொடுத்துப் பெற வேண்டிய சங்கதி. பெண்தான் முதலில் கொடுக்க வேண்டும். அவள் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

(நான் மட்டும் அவளை 'அவள்' என்றும் அவரை 'அவர்' என்றும் எழுதுவது ஏன் என்று கேட்பீர்கள். அவளோடு எனக்குப் பழக்கம் அதிகம்.)

இந்த இலையுதிர் காலத்தில் ஓட்டோகருக்கு ஒரு யோகம் அடித்தது. ஆற்றுக்கு அக்கரையில் கக்ரானில், முதிய ஜோடிகளுக்கென்று கட்டிய குடியிருப்பில், லிஃப்ட் உள்ள வீடு. இருவராகப் போனால்தான் தருவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் லின்ஸ் நகரத்தில் மகள் வீட்டோடு போய்விட வேண்டியதுதான். இன்னொரு குளிர்காலத்தைப் படிகளில் கழிக்க அவருடைய முழங்கால் சம்மதிக்காது.

(ஹெர்மினே வீட்டுக்கே வந்துவிடலாமே? நல்ல கேள்வி. இங்கேயும் லிஃப்ட் கிடையாது. அறையில் பாதியை அலமாரி அடைத்துக்கொண்டிருக்கிறது.)

அவர் கூப்பிட்டபோது ஹெர்மினே மாட்டேன் என்று சொல்லவில்லை. வியன்னாக்காரர்கள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள், "பாக்கலாம்" என்பார்கள். பெண் பார்த்து, பஜ்ஜி சொஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று கிளம்பியவர்கள் நம்மிடமும் உண்டு. ஆகவே விளக்கம் வேண்டாம். அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வரலாம்தான். ஆனா இத விட்டுட்டு எப்படி வர்றது? இது கதவு வழியாப் போகாதே."

* செப்டம்பர் தாண்டினால் ஆப்ரிகாட் ஏது என்று பக்கத்து வீட்டம்மா சிரிக்கிறார். பிளம் பழம் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

4

பீடர்மையர் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் கட்டுரை எழுதிக்கொள்கிறேன். காபிக் கடை மேஜைதோறும் அரசாங்கத்து ஒற்றர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலம் அது. வாயைத் திறந்தால் வம்பு. ஆகவே இந்த ஊர்க்காரர்கள் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு இழுப்பறைகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். வெளியே சொல்ல முடியாத எல்லாவற்றுக்கும் உள்ளே ஓர் அறை செய்து, பூட்டும் போட்டார்கள். (இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் கதைக்கு ஒரு குறையும் வராது. நூலகத்தில் உட்கார்ந்து படித்தது வீணாகுமே என்று விட்டு வைத்திருக்கிறேன்.)

ஹெர்மினே கல்யாணமாகி வந்த வாரம் அந்த அலமாரி மாடி ஏறியது. பலகை பலகையாகத்தான் ஏறியது. ருடோல்ஃபும் அவர் அண்ணனும் தூக்கி வந்ததை அவளே பார்த்தாள். மற்ற சாட்சிகள் எல்லோரும் இப்போது கல்லறையில்.

மேல் தட்டுகளில் ருடோல்ஃபின் சட்டைகள். ஓர் இழுப்பறையில் அவருடைய தூண்டில் சாமான், அடுத்ததில் பிள்ளைகளின் துணி, அடி இழுப்பறையில் மாமியாரின் மேஜை விரிப்புகள். அவற்றைத் தொடவே கூடாது. ஹெர்மினேவுக்கு வாய்த்தது கதவின் உட்பக்கத்தில் ஒரு கொக்கி. அதில் அவளுடைய ஏப்ரன் தொங்கியது. ஒருவர் ஒருவராகப் போனார்கள், வளர்ந்தார்கள், பிரிந்தார்கள். இழுப்பறைகள் அவளுக்கு வந்தன. எல்லாவற்றையும் நிரப்பினாள், அடி இழுப்பறையைத் தவிர. அதில் போடச் சாமான் இல்லாமல் இல்லை, போடவில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை துடைக்கும்போது அதை இழுத்துப் பார்ப்பாள். மர வாசனை வரும். ஒன்றுமே இல்லாத அந்த இடம் முழுக்கத் தன்னுடையது என்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இதை யாரிடம் சொல்வது? பாவம், வயசாகிவிட்டது என்பார்கள்.

கதவு வழியாகப் போகாது என்று அவள் சொல்வதற்குச் சற்று முன்னால், கக்ரான் வீட்டைத் தாளில் வரைந்துகொண்டிருந்த ஓட்டோகர் இப்படிச் சொன்னார்:

"கீழ் டிராயர் காலியாத்தான கெடக்கு. என் சாக்ஸெல்லாம் அதுல போட்டுக்கலாம்."

எவ்வளவு அன்பான வாக்கியம். ஹெர்மினே அலமாரியைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

5

ஓட்டோகர் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவர் கதைக்கு ஆகாது. முதல் வரைவில் அவரைக் கஞ்சனாக்கிப் பார்த்தேன். அடுத்ததில் எதற்கெடுத்தாலும் அதட்டுகிறவராக்கினேன். அப்படி இருந்தால் ஹெர்மினே மாட்டேன் என்பாள், நீங்களும் கைதட்டிவிட்டுப் போவீர்கள். மனிதர் மசியவில்லை. அவரிடம் ஒரே ஒரு குறைதான். எது குறுக்கே வந்தாலும், தண்டவாளத்தில் யாரோ வண்டியை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள் என்றே நினைப்பார். முதலில் மணி அடிப்பார். நகராவிட்டால் இறங்கிப் போய்த் தள்ளுவார்.

கதவை அளந்தார். போகாதுதான். நிலையைக் கழற்றிவிடலாம் என்றார். வீட்டுக்காரர் விட மாட்டார் என்றாள் ஹெர்மினே. நேரே வீட்டுக்காரரிடம் போய்ச் சம்மதம் வாங்கி வந்தார். படித் திருப்பத்தில் இடிக்குமே என்றாள். அப்படியானால் ஜன்னல் என்றார். ஜன்னல் வழியாகச் சாமான் இறக்கும் ஏணி வண்டிக்குச் சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமைக்கு. அவள் ஒரு பொய் சொன்னால் அவர் ஒரு வழி சொன்னார்.

வியாழக்கிழமை ஹெர்மினே அலமாரியில் தலை சாய்த்து அழுது – இல்லை, அழவில்லை. கொழுக்கட்டை பிடித்தாள். நாலு பேர் சாப்பிடும் அளவுக்குப் பிடித்தாள்.

6

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வந்தார். ஏணி வண்டி வருவதற்குள், கயிறு கட்ட மேலே பிடிமானம் இருக்கிறதா என்று பார்க்க முக்காலியில் ஏறினார். ஹெர்மினே சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியின் உச்சியில், மேல் சட்டத்துக்குப் பின்னால், அவர் விரலில் ஒரு மரத்துண்டு தட்டுப்பட்டது.

ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்குத் தெரியும். ஓட்டோகருக்குத் தெரியாது, அசைத்தார். வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. மேல் சட்டம் லேசாகத் தூக்கிக்கொண்டது. பக்கப் பலகையும் பிடி விட்டது.

அவர் மூளை டிராம்காரர் மூளை, நிதானமானது, ஆனால் தடம் மாறாதது. முதலில், இது கழன்று வரும் சாமான், கதவு வழியாகத் தாராளமாகப் போகும் என்பது புரிந்தது. சந்தோஷத்தில் கூப்பிட வாயைத் திறந்தார். அப்போதுதான் ஆப்பைப் பார்த்தார். தூசி இல்லை. புதிதாக மெழுகு தடவியிருந்தது. தடவியது ருடோல்ஃபாக இருக்க முடியாது.

வாயை மூடிக்கொண்டார்.

7

இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

கோபத்தில் ஆப்பை எறிந்துவிட்டு லின்ஸுக்கு ரயில் ஏறுகிறார். (அடித்துவிட்டேன். அந்த முழங்காலோடு அவ்வளவு கோபமாகப் படி இறங்க முடியாது.)

ஆப்பை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, நீங்க சொன்னது சரிதான், போகாது என்கிறார். பொய்யை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு கௌரவமாக விலகுகிறார்கள். (இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே நம்பவில்லை.)

நடந்தது இது. ஓட்டோகர் இறங்கி முக்காலியிலேயே உட்கார்ந்தார். காபிக் கோப்பைகளோடு வந்த ஹெர்மினே அவர் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள். அவர் அதை மறைக்கவில்லை, நீட்டவும் இல்லை.

"இது கதவு வழியாப் போகாதுன்னு சொன்னீங்க. இன்னொரு தடவ சொன்னீங்கன்னாப் போதும். வண்டிய வர வேணாம்னு சொல்லிடறேன். வேற எதுவும் கேக்க மாட்டேன்."

அவர் அவளுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தார். தலையாட்டினால் போதும். ஆனால் இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரிடம் எப்படி மறுபடியும் பொய் சொல்வது? ஹெர்மினே கோப்பைகளை வைத்தாள். மெல்ல மண்டியிட்டாள். அடி இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்தாள்.

"இதப் பாரு," என்றாள்.

அந்த 'பாரு' அவர் காதில் விழ ஒரு கணம் ஆயிற்று.

"காலியா இருக்கு," என்றார்.

"காலியாவே இருக்கணும். உன் மேல ஒரு குறையும் இல்ல. நீ வராத ஞாயித்துக்கிழமைய என்னால நெனச்சுப் பாக்கவே முடியல. ஆனாலும் இது காலியாவே இருக்கணும். என் ஆயுசுல எனக்குன்னு நான் வெச்சுக்கிட்டது இது ஒண்ணுதான்."

கீழே ஏணி வண்டி வந்து ஹாரன் அடித்தது. ஓட்டோகர் இழுப்பறைக்குள் வெகுநேரம் குனிந்து பார்த்தார், உள்ளே ஏதோ இருப்பதைப் போல. பிறகு நிமிர்ந்து அவளிடம் சொன்னார்:

8



9

எட்டாம் பகுதியை எழுதத் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஓட்டோகர் சொன்னது எனக்குத் தெரியும். நல்ல வாக்கியம்தான். ஒரு வாரம் அங்கே வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை படிக்கும்போதும், ஹெர்மினேவின் இழுப்பறையில் நானே போய் எதையோ போட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட இடத்தில் எழுதுகிறவர்கள், முடிவு உங்கள் கையில் என்று வாசகரிடம் கொடுத்துவிட்டு நழுவுவது வழக்கம். நான் கொடுக்கப் போவதில்லை. வண்டிக்காரர் ஹாரன் அடிக்கட்டும், காபி ஆறட்டும். வேண்டுமானால் எட்டாம் பகுதியை எப்போதாவது திறந்து பாருங்கள், மூடிவிடுங்கள்.

தயவுசெய்து உங்கள் சாக்ஸை மட்டும் அதில் போடாதீர்கள்.