மூன்று நாள் இடம்

அண்ணாவுக்கு அந்த இடம் மூன்று நாட்களுக்குத்தான் கிடைத்தது. அமெரிக்காவின் மேல்நிலை பேஸ்போல் அணியொன்றில் ஒரு பந்துவீச்சாளருக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவர் விடுப்பு முடிந்து வரும்வரை, கீழ்நிலை அணியிலிருந்த கவினேஷ் அண்ணாவைக் கூப்பிட்டார்கள். அவன் மாற்றுப் பந்துவீச்சாளன். எறிந்துகொண்டிருப்பவர் தடுமாறினால்தான் அவனை இறக்குவார்கள். மூன்று ஆட்டங்களிலும் யாரும் தடுமாறாவிட்டால், ஒரு பந்தும் எறியாமலே திரும்ப வேண்டும்.

ஏழு வருடங்களாக அவன் கீழ்நிலை அணிகளோடு ஊர் ஊராக பஸ்ஸில் போனவன். ஒருமுறை வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோடை முழுவதும் இங்கே கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டுக் கராஜ் சுவரில் எறிந்துவிட்டு மறுபடி போனான்.

அப்பா ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. அண்ணாவின் பதினாறு வயதில், கிளப் கிரிக்கெட்டில் அவன் கை மடங்குகிறது என்று நோபோல் கொடுத்த நடுவர் அவர்தான். ஒரே ஓவரில் நான்கு முறை. அதன்பின் அண்ணா, கையை மடக்கி எறியக்கூடிய விளையாட்டுக்குப் போய்விட்டான். அப்பா செய்தது சரி என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். அப்பாதான் அதைப் பேசமாட்டார்.

முதல் ஆட்டம் எங்களுக்கு ஞாயிறு காலை. பக்கத்து வீட்டு விமலாதேவி அன்ரி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தார். மூன்று மணி நேரத்தில் அண்ணாவின் முகம் இரண்டு தடவை தெரிந்தது. இரண்டு தடவையும் உட்கார்ந்திருந்தான்.

"பிள்ளை தண்ணி குடுக்கவோ போனவன்?" என்றார் அன்ரி.

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே அப்பா புல் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஆட்டத்தில் அவன் எழுந்து ஓரமாக எறிந்து கையைத் தயார்படுத்தினான். யாரும் கூப்பிடவில்லை.

செவ்வாய் அம்மா வேலைக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு ட்ருகனினா கிடங்கில் பின்னேர ஷிஃப்ட். அவர் சாப்பாட்டுப் பையோடு வரவேற்பறையைக் கடந்தபோது எட்டாவது சுற்று. எதிரணியில் இருவர் அவுட், இருவர் தளங்களில். மைதானத்தின் ஓரத்துக் கதவு திறந்து அண்ணா ஓடிவந்தான்.

"அப்பா, அண்ணா வாறான்."

அப்பா நின்றார்.

முதல் ஆளுக்கு எறிந்த நான்கு பந்துகளும் விலகிப்போயின. அந்த ஆள் அடிக்காமலே நடந்து முதல் தளத்துக்குப் போனான். இப்போது மூன்று தளங்களிலும் ஆட்கள்.

"அவசரப்படுறான்," என்றார் அப்பா, டிவியைப் பார்த்தபடி.

அடுத்தவன் ஏழு பந்துகளுக்கு நின்றுபிடித்தான். எட்டாவது பந்துக்கு மட்டையை முழுவேகத்தில் வீசினான். பந்து அதற்குக் கீழே இறங்கிப் போயிருந்தது. மூன்றாவது ஆளும் அவுட், சுற்று முடிந்தது. அண்ணா தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தான். அடுத்த சுற்றுக்கு வேறொருவர் வந்தார்.

அப்பா கிடங்குக்கு ஃபோன் எடுத்து, பிந்தித்தான் வருவேன் என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணா அழைத்தான். அப்பாவும் பார்த்தார் என்று சொன்னேன். ஃபோனை அப்பாவிடம் கொடுத்தேன்.

"முதல் ஆளுக்கு ஏன் அவசரப்பட்டனி?"

"பயந்திட்டன் அப்பா."

"ம். நாளைக்கு?"

"நாளைக்கு திரும்பக் கீழ போறன். நல்லா எறிஞ்சனி, கூப்பிடுற தூரத்தில இரு எண்டு கோச் சொன்னவர்."

"அங்க எப்ப மேட்ச்?"

"வியாழன். அது டிவியில வராதப்பா, ஃபோனிலதான்."

அப்பா தன் ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"இதில வரப்பண்ணித் தா, தாரிணி," என்றார்.