சிவக்காத புண்

வேலை பார்க்கும் கண்ணாடிக்கடையில் கண்ணாடிப் பலகை இறக்கும்போது நழுவி விழுந்த துண்டு அவள் கணவனின் கால் கட்டைவிரலைப் பிளந்துவிட்டது. புண்ணுக்குக் கட்டுப்போடுவதுதான் அவளுக்கு உத்தியோகம். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊரார் கால்களைக் கழுவிவிட்டு வந்து, மாலையில் அவன் காலையும் மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள்.

தொடக்கத்தில் விரல் தக்காளிபோல் சிவந்து வீங்கியது. தொட்டால் சுள்ளென்று காலை இழுத்துக்கொள்வான். வீக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உள்ளே வேலைக்கு ஆள் வந்திருக்கிறது என்று அவள் சமாதானம் சொன்னாள். அப்படியானால் வந்தவர்கள் சத்தமில்லாமல் வேலை பார்க்கட்டுமே என்று அவன் எரிந்து விழுந்தான்.

பிறகு சிவப்பு மெல்ல வடிந்தது; வீக்கமும் வற்றியது. அவன் செருப்பு மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கூட வேலை செய்பவளிடம் தன் கைராசியை அளந்தாள். புண்ணின் வாய் மட்டும் மூடவே இல்லை. அடியில் சதை வெளுத்து, தண்ணீரில் ஊறிய தோல்போல் கிடந்தது. அவன் முகம் உப்பி உருண்டையாகிக்கொண்டு வந்தது. அதையும் பார்த்தாள், நன்றாகச் சாப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாலை, ஆழம் பார்க்கும் மொட்டைக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டாள். அது நழுவி உள்ளே போய், கெட்டியாக எதிலோ இடித்தது. எலும்பு. அவன் முகம்கூடச் சுளிக்கவில்லை. அந்த முகத்தின் உப்பல் சாப்பாட்டால் வந்ததல்ல என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

அவன் மழுப்பவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பிதான் கொடுத்தானாம், வீக்கத்துக்கு. அன்றே தம்பியை வரவழைத்தாள்.

"நிக்க முடியலன்னு மாமா கெஞ்சினாருக்கா. ஸ்டீராய்டுதானே, நான் என்ன வெஷமா குடுத்துட்டேன்?"

விஷமில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்பது அவளுக்குத் தெரியும். காயம்பட்ட திசு ரசாயனத்தால் கூப்பாடு போடும். அதைக் கேட்டு ரத்தக் குழாய்கள் விரிந்து, சுவர் நெகிழ்ந்து நீர் கசியும். சிவப்பும் வீக்கமும் அதனால்தான். அந்த வழியாக முதலில் ஓடி வரும் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொன்று தாமும் சாகும். சீழில் பெரும்பகுதி அவைதான். அடுத்து வருபவை பெருவிழுங்கிகள். கிருமி, செத்த செல், குப்பை என்று எல்லாவற்றையும் அவை விழுங்கும். விழுங்கி முடிந்ததும் அவற்றின் குணமே மாறிவிடும். புதிய குழாய் முளைக்கவும் சதை வளரவும் சொல்லி ஆணை அனுப்பும். சண்டைக்கு வந்தவர்களேதான் கொத்தனார்களும். மாத்திரை அந்தக் கூப்பாட்டையே அமுக்கிவிட்டது. அழைப்பு போகவில்லை, வரவேண்டிய அளவுக்கு ஆளும் வரவில்லை. கிருமி மட்டும் நிம்மதியாக எலும்புவரை போய்விட்டது.

மருத்துவர் விரலை எடுத்துவிட்டார். இத்தனை நாள் சாப்பிட்ட மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று சிறிது சிறிதாகக் குறைத்தார். அது குறையக் குறைய தையலைச் சுற்றிச் சிவப்பு ஏறியது. வலியும் சேர்ந்து வந்தது.

பார்க்க வந்த கடை முதலாளியிடம் அவன் சொன்னான்: "மச்சான் மருந்து குடுத்த வரைக்கும் நான் நடந்துட்டுதான் இருந்தேன். இவ கைய வெச்சா, வெரல் போச்சு."

முதலாளி அவளைப் பார்த்தார். பக்கத்தில் தம்பி ஆரஞ்சுப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வெளுத்த சதையைப் பார்த்துக் கைராசி என்று பூரித்தவள் எந்த முகத்தோடு சொல்வது?

அவர்கள் போனதும் கட்டை அவிழ்த்தாள். தையலோரம் சூடாக இருந்தது. சீழில்லை, பச்சைப் புண்ணில் இருக்கவேண்டிய இதமான சூடு.

"ஆறுதுங்க" என்றாள்.

"எரியுது. நாளையிலேர்ந்து ஒன் தம்பிய வரச்சொல்லு. அவனே கட்டட்டும்."

பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அவள் தம்பியைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தாள்.