பெரில் பூசிய துரு

துருவை எடுக்கக் கூலி கொடுப்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. துருவை வைக்கக் கூலி கொடுப்பவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குக்குத்தான் வரவேண்டும். அங்கே பெரில் என்ற பெண்மணி, கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது மோட்டார் சைக்கிளுக்குத் துரு வரைகிறார். ஆளுக்கொரு தேதி கொடுத்து வரிசையில் நிற்கவைக்கிறார்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஊர் கிளப் வருடத்துக்கு ஒருமுறை பழைய வண்டிப் போட்டி நடத்தும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்துக்கு முன்னால் பிறந்த வண்டிதான் கலந்துகொள்ளலாம். ஓடை, பாறை, சேற்றுமேடு என்று ஒவ்வொரு இடமாக மெல்ல ஏறி இறங்க வேண்டும். வேகத்துக்கு மதிப்பில்லை. கால் தரையில் பட்டால் ஒரு மார்க். விழுந்தால் ஐந்து. இந்த மார்க் பள்ளிக்கூட மார்க் மாதிரி இல்லை, வாங்க வாங்க அவமானம்.

அறுபது வருடத்து இரும்பைத் தூக்கிக்கொண்டு பாறை ஏற முடியுமா? முடியாது. ஆகவே எல்லாரும் புது அலுமினியத்தில் டேங்க், புது ஃபோர்க், புது ஹப் என்று லேசாகச் செய்துகொண்டு, மேலே பெரிலைக் கூப்பிட்டுப் பழசாக்கிவிடுவார்கள். சாமர்த்தியம் கூடக் கூட வண்டிக்கு எலும்புக்கூடான ஃபிரேமையே புதிதாகச் செய்துகொண்டார்கள். போன வருடம் ஜெயித்தவருடைய வண்டி அவருடைய பேத்தியைவிட இளையது என்று ஒரு பேச்சு எழுந்தது. கிளப்புக்கு ரோஷம் வந்துவிட்டது. மற்றது எப்படியோ போகட்டும், ஃபிரேம் மட்டும் அசலாக இருந்தே ஆகவேண்டும் என்று இந்த வருடம் புது விதி போட்டார்கள்.

நெவில் ஹார்க்கருக்கு இந்த விதியைப் பற்றிக் கவலையே இல்லை. அவருடைய ஃபிரேம் அசல்.

நெவில் பழைய டிராக்டர் வாங்கி விற்கிறவர். எதிராளி மூக்கைச் சொறிந்தாலே விலை எங்கே நிற்கும் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்குக் குலுக்கலில் மட்டும் அதிர்ஷ்டம் கிடையாது. போட்டிக்கு ஆள் அதிகம் என்பதால் கிளப் சீட்டுக் குலுக்கித்தான் இடம் கொடுக்கும். வருடா வருடம் பெயர் கொடுத்தார். வருடா வருடம் கல்சுவரில் சாய்ந்து நின்று, மற்றவர்கள் ஓடையில் விழுந்து எழுந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். இந்த வருடம்தான் சீட்டு விழுந்தது. அடுத்த மாதம் இரண்டு முழங்காலையும் மாற்றப் போகிறார்கள். அதற்குப் பிறகு பைக்கை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். அதாவது, இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

அதனால் மற்றவர்கள் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்பே மைதானத்துக்கு வந்து, வண்டி பரிசோதிக்கும் வரிசையில் முதல் ஆளாக நின்றார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்பு அதுதான். அவர் தொழிலில் முதலில் வாய் திறப்பவன் நஷ்டப்படுவான் என்பது தெரியும். வரிசைக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை.

பரிசோதனைக்கு ஐரீன் பீகாக் வந்தார். கையில் ஒரு பழைய சமையலறைக் கத்தி, கழுத்தில் மூக்குக்கண்ணாடி. ஆட்டுச் சந்தையில் முப்பது வருடம் பல்லைப் பார்த்து வயது சொன்னவர். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார். கால் வைக்கும் கம்பிக்குக் கீழே, இலை வடிவத்தில் வழிந்திருந்த துருவை விரலால் தொட்டார்.

"இது பெரில் போட்டதுதானே?"

"ஆமா. நல்லா இருக்கில்ல?" என்றார் நெவில் பெருமையாக.

"ரொம்ப நல்லா இருக்கு. நீ வண்டியை எடுத்துட்டுக் கிளம்பு."

"எங்கே?"

"வீட்டுக்கு. ஃபிரேம் காப்பி."

நெவிலுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அம்மா தாயே, இது அசல். ஐம்பத்தெட்டாம் வருஷத்து அசல்."

"அசல் ஃபிரேமுக்கு எவனாவது காசு கொடுத்துத் துரு பூசுவானா? நீயே ஒரு வியாபாரி, நீயே சொல்லு."

இதில் இருந்த நியாயம்தான் நெவிலைத் திணறடித்தது. விஷயம் இதுதான்: ஃபிரேம் வாங்கியபோது அதில் நிஜத் துரு நிறையவே இருந்தது. பெரில்தான் முகம் சுளித்தார். 'நிஜத் துரு நிலையா நிக்காது நெவில். உதிரும், பரவும், இரும்பைத் தின்னும். என்னுது ஒரு இடத்துல வெச்சா அங்கேயே இருக்கும்' என்றார். தவிரவும் டேங்கில் பெரில் துரு, ஃபிரேமில் கடவுள் துரு என்று இருந்தால் நிறம் சேராது. ஆகவே மணலைப் பீய்ச்சி நிஜத் துருவையெல்லாம் எடுத்து, கோணலை நிமிர்த்தி, இரும்பைக் கண்ணாடி மாதிரி ஆக்கி, அதன்மேல் அதே இடங்களில் அதே துருவை வரைந்தார்கள். மூன்று பூச்சு. மேலே வார்னிஷ்.

இதை நெவில் முழுதாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை குறைந்தது.

"அதாவது, துருவை எடுத்துட்டு, துரு வெச்சே," என்றார் ஐரீன்.

"ஆமா."

"இதைவிட நல்ல பொய்யெல்லாம் சந்தையில கேட்டிருக்கேன்."

"நம்பர் பாருங்க! கழுத்துக்கிட்ட குத்தியிருக்கு!"

"நம்பர் குத்துற சுத்தியல் என் வீட்டிலயும் இருக்கு."

அப்போதுதான் நெவிலுக்கு டெஸ்மண்ட் கால்வெர்ட் நினைவு வந்தது. நினைவு வரத் தேவையே இல்லை. பக்கத்திலேயே, தலைக்கவசம் முதல் பூட்ஸ் வரை போட்டுக்கொண்டு, காலை வெயிலில் பளபளவென்று நின்றிருந்தார். குலுக்கலில் இடம் கிடைக்காமல் காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள் டெஸ்மண்ட். யாராவது ஒருவர் கழன்றால் அந்த இடம் அவருக்கு. அதைவிட முக்கியம், அந்த ஃபிரேமை நெவிலுக்கு விற்றதே அவர்தான். செத்துப்போன அப்பாவின் கோழிக்கொட்டகையில் கிடந்தது என்று சத்தியம் செய்து, இரண்டு சாயங்காலம் பேரம் பேசி, கடைசியில் அழுதுகொண்டே கொடுத்தார். விற்றவர் அழுதால் விலை அதிகம் என்று அர்த்தம்.

"டெஸ்மண்ட்! நீயே சொல்லுய்யா. இது உங்க அப்பா கொட்டகையில இருந்துதானே வந்துச்சு?"

டெஸ்மண்ட் வானத்தைப் பார்த்தார். "கொட்டகையில நிறைய இரும்பு கிடந்துச்சு நெவில். கோழியும் நிறைய இருந்துச்சு. எதைன்னு ஞாபகம் வெச்சுக்கிறது?"

"என் வீட்டு அடுப்படியில உக்காந்து உங்க அப்பன் மேல சத்தியம் பண்ணினியே!"

"அப்பா மேல நான் நிறைய சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நான் வேணா ஹேண்டில்பாரைக் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?" என்று டெஸ்மண்ட் ஐரீனிடம் உதவியாகக் கேட்டார். "தள்ளிக்கிட்டுப் போக வசதியா இருக்கும்."

நெவிலுக்குக் காது சிவந்தது. "சுரண்டுங்க," என்றார். "கத்தி எதுக்கு வெச்சிருக்கீங்க? சுரண்டிப் பாருங்க. பழைய ஃபிரேம்னா குழாய் சேர்ற இடத்துல பித்தளை ஓடியிருக்கும். காப்பின்னா வெறும் வெல்டிங். சுரண்டுங்க!"

தேநீர் மேசையிலிருந்து பெரிலின் குரல் வந்தது. "என் வேலை மேல கத்தி வெச்சே, அந்தக் கத்தியாலயே உன்னைக் குத்திருவேன் ஐரீன்!"

"நீ டீயைப் பாரு," என்று சொல்லிவிட்டு ஐரீன் கண்ணாடியை மாட்டினார்.

வரிசையில் இரண்டாவதாக நின்றவர் கத்பர்ட் ஐவ்சன், செம்மறி வளர்ப்பவர், பெரிய உடம்பு. அவர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சந்தேகம் ஐரீன். இவனுதைச் சுரண்டினா, எங்களுதையும் சுரண்டுவீங்களா?"

"பின்னே? அவன் மட்டும் என்ன பாவம் பண்ணினான்?"

கெட்டிலில் தண்ணீர் கொதிப்பது கேட்டது. ஐரீன் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். முதல் வண்டியிலிருந்து கல்சுவர் வளையும் இடம் வரை, ஒவ்வொரு வண்டியிலும் கால் வைக்கும் கம்பிக்குக் கீழே இலை வடிவத்தில் ஒரு துரு. பெரிலுக்கு அந்த ஒரு வடிவம்தான் நன்றாக வரும்.

ஒருவருக்கு அவசரமாக இருமல் வந்தது. இன்னொருவர் வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று மனைவியிடம் கேட்டார். ஒரு வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர ஆரம்பித்தது.

"யாரும் நகரக்கூடாது," என்றார் ஐரீன்.

அவர் யோசித்தார். மேலே ஓடையோரமெல்லாம் மார்க் போடுகிறவர்கள் சாண்ட்விச்சும் குடையுமாக ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்டார்கள். நிலத்துக்காரர் மாடுகளை அடுத்த வயலுக்கு ஓட்டியாயிற்று. போட்டி இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. எல்லாரையும் விட்டால் விதிக்கு மரியாதை இல்லை. எல்லாரையும் நிறுத்தினால் ஆள் இல்லை.

"சரி, கேட்டுக்கோங்க," என்றார். "இன்னைக்கு ரெண்டு பிரிவு. என் வண்டி காப்பின்னு வாயைத் திறந்து ஒத்துக்கிறவன் காப்பிப் பிரிவு. அவனை நான் சுரண்ட மாட்டேன், இப்பவே கிளம்பலாம். என்னுது அசல்னு சொல்றவன் அசல் பிரிவு. அவனைச் சுரண்டுவேன். தேறினா மதியத்துக்கு மேல தனியா விடுவேன். தேறலைன்னா வாழ்நாளுக்கும் இந்தப் பக்கம் வரக்கூடாது."

"என்னுது காப்பி!" என்றார் கத்பர்ட், ஐரீன் மூச்சு விடுவதற்குள்.

"என்னுது சுத்தக் காப்பி!"

"என்னுதுல இருக்கை மட்டும்தான் அசல், அதுவும் கிழிஞ்சுபோச்சு!"

அவ்வளவு சந்தோஷமாக அவ்வளவு பேர் மோசடியை ஒத்துக்கொண்டதை அந்தப் பள்ளத்தாக்கு பார்த்ததில்லை. முதுகில் தட்டிக்கொண்டார்கள். யாரிடம் செய்தது, எவ்வளவு லேசு என்று இதுவரை மூடிவைத்ததையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

நெவில் மட்டும் வண்டியின் டேங்க் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

டெஸ்மண்ட் கணக்குப் போட்டார். ஒருவரும் வெளியேறவில்லை என்றால் அவருக்கு இடமில்லை. நெவில் அசல் பிரிவுக்குத் தனியாகப் போனால், இந்தக் கூட்டத்தில் ஒரு இடம் காலி. அவருடைய ஞாபகசக்தி உடனே திரும்பியது.

"ஐரீன்! நெவிலோட ஃபிரேம் அசல்தான்!" என்றார். "இப்பத்தான் ஞாபகம் வருது. அப்பா கொட்டகையில, இடது பக்கம், முட்டையிடுற பெட்டிக்குப் பின்னாடி. கையில தூக்கிட்டு வந்தேன். அப்பா மேல சத்தியமா அசல்! அவனைச் சுரண்டுங்க!"

நெவில் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஐரீனும் பார்த்தார்.

"நெவில்," என்றார் ஐரீன், கொஞ்சம் மெதுவாக. "உன்னுது அசல்னா கோப்பை உனக்குத்தான். வேற ஆளே இல்லை. என்ன சொல்றே?"

நெவில் யோசித்துப் பார்த்தார். கோப்பை வரும். மதியத்துக்கு மேல், எல்லாரும் குளித்துவிட்டுச் சாராயக் கடைக்குப் போன பிறகு, தூக்கம் வழிய மார்க் போடுகிறவர்கள் முன்னால் ஒற்றை ஆளாக ஓடையில் விழுந்து எழுந்து, தானே சிரித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் சுவரில் சாய்ந்து நின்றது கோப்பைக்காக இல்லை. கோப்பை வேண்டுமென்றால் ஏலத்தில் வாங்கியிருக்கலாம்.

ஆனால் அந்த வார்த்தை எளிதில் வாயில் வரவில்லை. உடைந்த டிராக்டரை நல்லது என்று விற்றிருக்கிறார். புது பெயிண்டைப் பழைய பெயிண்ட் என்றும் பழையதைப் புதிது என்றும் விற்றிருக்கிறார். கையில் இருக்கும் அசலைப் போலி என்று சொன்னதே இல்லை.

"காப்பி," என்றார்.

"என்னது?"

"காப்பிதான் ஐரீன். இப்பத்தான் எனக்கே புரியுது. அசல்னு சொல்லி என் தலையில கட்டிட்டான் இந்தப் பாவி."

எல்லாரும் டெஸ்மண்டைப் பார்த்தார்கள்.

"பொய்!" என்று கத்தினார் டெஸ்மண்ட். "பச்சைப் பொய்! அசல்!"

கத்பர்ட் மெல்ல முன்னால் வந்தார். "டெஸ்மண்ட். கோழிக்கொட்டகைன்னா சொன்னே? முட்டைப் பெட்டிக்குப் பின்னாடியா?"

"ஆமா."

"என்னோட ஃபிரேமும் அங்கிருந்து எடுத்ததாத்தானே கொடுத்தே? ஒரே ஒண்ணுதான் கிடந்துச்சுன்னு அழுதியே? லேசா இருக்கேன்னு அப்பவே எனக்குச் சந்தேகம்."

"எனக்கும் அதே கொட்டகைதான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உங்களுது காப்பிய்யா!" டெஸ்மண்ட் இரண்டு கையையும் விரித்தார். "உங்க ரெண்டு பேருதும் காப்பி! அவனுது ஒண்ணுதான் அசல்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. தலைக்கவசத்தைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"உன்கிட்ட சாயங்காலம் பேசிக்கிறோம்," என்றார் கத்பர்ட். "எங்கேயும் போயிடாதே."

ஐரீன் கத்தியைப் பையில் போட்டார். நெவிலின் டேங்கை ஒருமுறை தட்டினார். அவருக்கு உண்மை தெரிந்ததா என்று நெவிலுக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் பல்லைப் பார்த்தவர்.

"காப்பி, பாஸ். அடுத்தது."

முதல் ஓடை நெவிலுக்கு நன்றாகவே ஆரம்பித்தது. கம்பிகளில் எழுந்து நின்று, மூச்சைப் பிடித்து, வழவழப்பான கல்லில் முன்சக்கரத்தை ஏற்றினார். அங்கே முழங்கால் தன் கருத்தைச் சொன்னது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது, அவர் வலது பக்கம் போனார், இரண்டு பேரும் தண்ணீரில் சந்தித்துக்கொண்டார்கள். கரையில் காத்திருந்த மொத்தக் கூட்டமும் சிரித்தது. அந்த ஊர் ஏப்ரல் மாதத் தண்ணீர், குளிர் எலும்பு வரை போயிற்று.

கத்பர்ட் இறங்கி வந்து ஃபிரேமைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

"ஏன்யா, காப்பியை இவ்ளோ கனமாவா பண்ணுவாங்க?"

"ஏமாந்துட்டேன்னு சொன்னேன்ல," என்றார் நெவில், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி. "பேசாம தூக்குங்கய்யா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

குடைக்கடியில் உட்கார்ந்து மார்க் போடுகிறவர் ஐந்து என்று சத்தமாகச் சொன்னார். நெவில் கையை உயர்த்தி, நன்றி சொன்னார்.