மத்தியானப் பாட்டில்

இரண்டு வயதுக் குழந்தைக்குச் சொத்தைப் பல்லா என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எண்பத்தெட்டில் என் மகள் அபியின் வாயிலேயே அதைப் பார்த்தேன். மேல்வரிசை முன்பற்கள் நாலும் ஓரத்தில் பழுப்பேறியிருந்தன.

தாம்பரம் பல் டாக்டர் ஏசுதாசன் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பாட்டிலை வாயில வெச்சுக்கிட்டே தூங்குவாளா? பால்ல சர்க்கரை உண்டா?"

"எங்க வீட்ல போடறதே இல்ல சார்" என்றேன் விறைப்பாக.

"யாரோ போடறாங்கம்மா. தூக்கத்துல இனிப்பு பல்லுலயே ஊறிக் கிடந்து எனாமலை அரிச்சிடும். உடனே நிறுத்துங்க. பால் குடிச்சதும் ஈரத்துணியால பல்லைத் துடைச்சு விடுங்க. மத்த பல்லையாவது காப்பாத்தலாம்."

யாரென்று யோசிக்க வேண்டியதே இல்லை. எட்டுப் பத்து ரயிலில் நான் எழும்பூர் ஆபீசுக்குப் போய்த் திரும்பும் வரை அபி பின்வீட்டுத் தையல்நாயகியிடம்தான் இருப்பாள். தையலுக்கும் என் வயதுதான், பிள்ளை இல்லை. அபியை இடுப்பைவிட்டு இறக்க மாட்டாள்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதல் ரயிலில் போய்விடும், புத்தி அடுத்த ரயிலில்தான் வரும். அன்றும் அப்படித்தான் நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"பால்ல சர்க்கரை போட்டியா தையல்?"

"ரெண்டு ஸ்பூன்தான்க்கா. போடலன்னா தூங்க மாட்டேங்குது. அம்மா அம்மான்னு வாசலயே பாத்துகினு கீது."

"என் குழந்தையோட பல்லே போச்சு. இனிமே உன்கிட்ட விடறதா இல்ல."

அவள் முகம் செத்துப்போனது.

மூன்று நாள் லீவு போட்டேன். அதற்குள் வேறு ஆள் கிடைத்துவிடும் என்று நினைப்பு. ஆளும் கிடைக்கவில்லை, அபியும் தூங்கவில்லை. முதல் நாள் மத்தியானம் பாட்டிலில் வெறும் தண்ணீர் கொடுத்தேன், வீசி எறிந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் வரை சிணுங்கல். மூன்றாம் நாள் அழுது அழுது அவளுக்கு மூச்சு வாங்கியது. இத்தனைக்கும் நான் பக்கத்திலேயே இருந்தேன். என் குழந்தையைப் பகலில் தூங்க வைக்க எனக்குத் தெரியவில்லை. அது பொறுக்காமல் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இன்று ஒரு நாள் மட்டும் என்று பாலைக் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி, சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். ஒரு ஸ்பூன் போட்டேன். இரண்டாவதும் போட்டேன்.

"வேணாம்க்கா."

பின்வாசலில் தையல் நின்றிருந்தாள். "மூணு நாளா அழுவுறது கேட்டுகினே இருந்துச்சு. வரலாமா வேணாமான்னு தெரில."

அபி இரண்டு கையையும் அவளிடம் நீட்டினாள். தையல் அவளைத் தோளில் போட்டு முதுகைத் தட்டியபடி சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். முக்கால் மணி நேரம் நடந்திருப்பாள். அழுகை தேம்பலாகி, தேம்பல் அடங்கி, அபி வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

நான் பாட்டிலும் கையுமாக நின்றேன். வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோ தையல். நாளைக்கு ஆபீஸ் போகணும். இவளைப் பாத்துக்கறியா?"

"பாத்துக்காம? தோள்ல போட்டுகினு எவ்ளோ நேரம் வேணாலும் நடக்கறேன். அந்த பாட்டில மட்டும் என்கிட்ட குடுத்து விடாதீங்க. என் வூட்ல இருந்தா, இது அழுவும்போது என் கை தானா சக்கர டப்பாவுக்குப் போயிடும்க்கா."

"என் கையே போயிடுச்சே" என்று சொல்லிவிட்டு, பாலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினேன்.