கூடாரத்தில் துணைக்கு ஒருவர்

"இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க," என்றாள் போஜெனா.

சவ அடக்கக் கடையிலிருந்து வந்த ஆள் லுட்விக்கின் பின்கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினார். போஜெனா கணவரின் டையை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு எதிரில் நின்று கட்டிப் பழகிய கை, பெட்டிக்குள் படுத்திருப்பவருக்குக் கட்ட வரவில்லை. முடிச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஷூ எதும்மா போடறது? கறுப்பா, பழுப்பா?"

"காலத்தான் மூடிடுவீங்களே."

"மூடிடுவோம். இருந்தாலும் கேக்கணும் இல்லீங்களா."

நேற்று விடிந்ததிலிருந்து எல்லோரும் அவளைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். பாதிரியார் எந்தப் பாட்டு என்று கேட்டார். ரொட்டிக்கடைக்காரி கொலாச்சே பன்னுக்குள் கசகசா வைப்பதா, பிளம்ஸ் வைப்பதா என்று ஆள் விட்டுக் கேட்டாள். மூன்று மாதமாக நோயாளியோடு கிடந்தவளிடம் தூக்கம் வருகிறதா என்று மட்டும் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"கறுப்பு," என்றாள்.

முன்னறைக் கண்ணாடிக்கு வெள்ளைத் துணியும் ரேடியோப் பெட்டிக்குக் கறுப்புத் துணியும் போர்த்தியாகிவிட்டது. எல்லாம் நாத்தனார் அனெஷ்காவின் வேலை. சாவு வீட்டில் கண்ணாடி முகம் காட்டக்கூடாது, ரேடியோ பேசக்கூடாது. அவர்கள் பக்கத்தில் அது சட்டம். அனெஷ்கா அதோடு நிற்காமல் மூன்று மாடியும் ஏறி இறங்கி, அடக்கம் முடியும்வரை கட்டடத்தில் யாரும் ரேடியோ வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரைக்கும் கேட்டது.

"அண்ணி கையப் புடிச்சிட்டே இருந்திருக்காங்க. அண்ணன் அவங்க மொகத்தப் பாத்தபடியே கண்ண மூடிட்டாரு. எத்தன பேருக்குக் கெடைக்கும் அந்தச் சாவு?"

அது போஜெனா சொன்ன பொய். நேற்றுக் காலையில் ஓடிவந்த அனெஷ்கா, "பக்கத்துல இருந்தீங்களா அண்ணி?" என்று கேட்டதற்கு வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தாள் என்பது உண்மைதான். நாற்காலியில் உட்கார்ந்தபடி, தலை தொங்கி, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. லுட்விக்கின் கை போர்வைக்கு வெளியே அவள் பக்கமாக நீண்டு கிடந்தது. கூப்பிட்டாரா, கூப்பிடவில்லையா என்று இனி யாரைக் கேட்பது? அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. செத்துப்போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

எம்மெட் கேரிட்டி கொல்லைப்புறப் படிவழியாக வந்து சமையலறைக் கதவைத் தட்டினான். லுட்விக் நடித்த ரேடியோத் தொடரில், காட்டுக்குள் நடக்கும் கதையில், சமையல்காரன் பிப்பாக நடிப்பவன். லுட்விக் அதில் டாக்டர் ஹார்வுட். சிகாகோவிலிருந்து பக்கத்து ஊர் மில்வாக்கியைத் தாண்டிப் போகாத மனிதர், வாரத்தில் ஐந்து நாள், மாலை ஐந்தேகால் மணிக்கு, முதலைகள் நிறைந்த ஆற்றில் இருந்தார். தேசத்துக் குழந்தைகள் அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பையைக் கூட இறக்காமல் கேட்டார்கள்.

ஓட்ஸ் கம்பெனி ஒன்று காசு போட்டு நடத்திய அந்தத் தொடரில் ஒரு வழக்கம் உண்டு. நடிகருக்கு என்ன வந்தாலும் அது காட்டிலும் வரும். கல்யாணத்துக்கு லீவு கேட்டவனைக் காட்டுவாசிகள் பிடித்துப் போவார்கள். சம்பளம் கூட்டிக் கேட்டவன் புதைமணலில் கழுத்துவரை இறங்கி, கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை அங்கேயே நிற்பான். உடம்பு முடியாவிட்டால் காய்ச்சல். லுட்விக்குக் கல்லீரல் கெட்டதும் டாக்டர் ஹார்வுட் காய்ச்சலில் விழுந்தார். ஆரம்பத்தில் போஜெனா அவரை டாக்ஸியில் கூட்டிப்போய் மைக் முன்னால் உட்காரவைப்பாள். இரண்டு முனகல் முனகிவிட்டுத் திரும்புவார். நிஜ முனகல் என்பதால் நன்றாக வந்தது என்று ஸ்டூடியோவில் பாராட்டினார்கள். பிறகு அதுவும் முடியவில்லை. பத்து நாளாக டாக்டர் கூடாரத்துக்குள் சத்தமில்லாமல் கிடந்தார், மற்றவர்கள் வெளியே நின்று, "தூங்கறாரு, எழுப்பாதே," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

எம்மெட் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். போஜெனா காப்பியை ஊற்றி நகர்த்தினாள்.

"நீங்களும் எதாவது கேக்கணும்னா கேட்டுடுங்க எம்மெட். எல்லாரும் கேட்டாச்சு."

"கேக்கத்தான் வந்தேன்." கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான். "ஓட்ஸ் கம்பெனிக்காரங்க டாக்டர வெளில கொண்டாரச் சொல்றாங்க. பத்து நாளா ஆள் சத்தமே இல்லன்னு பசங்க எழுதிக் கேக்கறாங்களாம்."

"கொண்டுவரட்டுமே. யாரு வேண்டாங்கறா."

"குரல் வேணுமே போஜெனா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எம்மெட் யார் குரலையும் பேசுவான், லுட்விக் குரலை அச்சாகப் பேசுவான். ஒருமுறை அந்தக் குரலில் போன் செய்து, மழை கொட்டுகிறது, குடை கொண்டுவா என்று சொல்லி, பளீரென்று வெயிலடித்த மத்தியானத்தில் அவளை ஸ்டூடியோ வாசலில் குடையோடு நிற்கவைத்தவன். அன்றைக்கு லுட்விக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான் மாட்டேன்னா வேற ஆள வெப்பாங்க," என்றான். "அவன் செஞ்சா நல்லா இருக்காது. நான் செஞ்சா நல்லா இருக்கும். அதான் தொந்தரவு. நீங்க சரின்னா செய்யறேன், இல்லன்னா எந்திரிச்சுப் போயிடறேன்."

"கதையில என்ன ஆகுது?"

"பொழச்சுக்கறாரு. வெள்ளிக்கெழம எந்திரிச்சு உக்காந்து ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி குடிக்கறாரு."

போஜெனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று ஏப்ரன் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கஞ்சியக் கண்டாலே மொகத்தத் திருப்பிப்பாரு எம்மெட். ஒரு கரண்டி உள்ள போறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடும்."

"தெரியும். எங்களுக்கும் மாசாமாசம் பெட்டி பெட்டியாக் குடுப்பாங்க. நான் மாமியாருக்கு அனுப்பிடுவேன்."

முன்னறையில் ஜெபமாலை சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

"வேணாம்," என்றாள் போஜெனா. "இங்க ஒருத்தரு செத்துக் கெடக்கறாரு. அங்க மட்டும் எந்திரிச்சு கஞ்சி குடிக்கறதா? அங்கயும் சாகட்டும்."

"இன்னிக்குப் புதன்கெழம. நடு வாரத்துல யாரையும் சாகடிக்க விடமாட்டாங்க. வெள்ளிக்கெழமதான். சனி ஞாயிறு அழுதுட்டு திங்கக்கெழம பசங்க திரும்பி வரணுமாம்."

"வெள்ளிக்கெழம காலைலதான் இவரையும் எடுக்கறோம். அப்பவே இருக்கட்டும். அதுவரைக்கும் நீங்களே பேசுங்க."

"எழுதறவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். லுட்விக்குக்காகக் காய்ச்சல இத்தன நாள் இழுத்தவன் அவன்தான். கம்பெனிய அவன் பாத்துப்பான்." எம்மெட் எழுந்தான். அவள் அவன் கோட்டுக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஒண்ணு பண்ணணும். கூடாரத்துக்குள்ள அவருக்குப் பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருக்கணும். இன்னிக்குலேர்ந்து. தூங்காம."

"எதுக்கு?"

"நான் தூங்கிட்டேன்."

எம்மெட் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கோப்பைக்குள் பார்த்தான்.

"அவ சொல்றதெல்லாம் பொய்," என்று போஜெனா முன்னறைப் பக்கம் தலையை ஆட்டினாள். "நான் சொன்ன பொய். முழிச்சுப் பாத்தா ஆளு போயாச்சு. கை நீட்டிட்டுக் கெடந்தாரு."

யார்தான் தூங்காமல் இருக்க முடியும், நீங்கள் செய்ததே பெரிது என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. அதற்காக அவள் மனதுக்குள் அவனுக்கு நன்றி சொன்னாள்.

"ஆளு யாரு இருக்கா," என்றான் கடைசியில். "கேப்டன் ஆத்துக்கு அந்தப்பக்கம் முதலையோட மல்லுக்கு நிக்கறாரு. இன்னொருத்தன் மணல்ல நிக்கறான். மிச்சம் சமையல்காரன்தான்."

"அப்ப நீங்களே உக்காருங்க."

"படுத்திருக்கறதும் நான்தானே. நானே கூப்புட்டு நானே பதில் சொல்லணும். நடுவுல குரல மாத்தறதுக்குள்ள கொஞ்சம் இடைவெளி விழும். நேரா ஒலிபரப்பாகறது, திருத்த முடியாது."

"விழட்டும். பரவால்ல."

அவன் முன்னறைக்குப் போய், பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, எழுந்து, டையின் முடிச்சை விரலால் மெல்ல நேராக்கிவிட்டுப் போனான்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் குறைந்தது. அனெஷ்கா பெட்டியருகே உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போஜெனா குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, மாடிப்படியில் கட்டடத்துக் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அடித்துக்கொள்ளாமல், கத்தாமல் உட்கார்ந்திருந்ததே புதிதாக இருந்தது.

"இங்க என்ன பண்றீங்க?"

மேல்மாடி மிலாடாதான் பதில் சொன்னாள். ஒன்பது வயது, முன்பல் இல்லை. "வீட்டுல ரேடியோ வெக்க மாட்டேங்கறாங்க அத்தை. உங்க வீட்டு மாமா அடக்கம் முடியற வரைக்கும் கூடாதாம். டாக்டர் ஹார்வுட் இன்னிக்கு எந்திரிப்பாருன்னு இவன் பந்தயம் கட்டியிருக்கான்."

யார் எந்தக் குரல் என்று குழந்தைகளிடம் சொல்லக்கூடாது என்பது ஓட்ஸ் கம்பெனியின் கண்டிப்பு. லுட்விக்கும் சொன்னதில்லை. இந்தக் குழந்தைகளைப் பொறுத்தவரை கீழ்வீட்டு மாமா ஏதோ ஆபீசுக்குப் போய்வந்த, உடம்பு சரியில்லாத மனிதர். அவர் இன்னும் இரண்டு நாள் சீக்கிரமோ தாமதமோ செத்திருந்தால் அவர்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எந்திரிப்பாரா அத்தை?"

போஜெனா உள்ளே வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள். நேராக முன்னறைக்குப் போய், ரேடியோ மேலிருந்த கறுப்புத் துணியை இழுத்து மடித்து அனெஷ்காவின் மடியில் வைத்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"ரேடியோ வெக்கறேன்."

"பொணம் வீட்டுல இருக்கு அண்ணி. ஊர் சிரிக்கும். அண்ணனோட ஆத்மா எப்படி நிம்மதியாப் போகும்?"

"நாப்பது வருஷம் ரேடியோல பொழச்ச மனுஷன்னு நீதானே காலைலேர்ந்து எல்லார்கிட்டயும் பெரும அடிச்சிட்டு இருந்தே," என்றாள் போஜெனா. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ரேடியோ எங்கே இருந்தது. கணக்குப் பார்க்கும் நிலையில் இருவரும் இல்லை. "வேணும்னா உள் ரூம்ல போய்ப் படு. நானும் மூணு மாசமா எல்லாத்துக்கும் சரி சரின்னுட்டேன். இதுக்கு மட்டும் மாட்டேன்."

அனெஷ்கா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனாள். கதவை மட்டும் முழுசாகச் சாத்தவில்லை.

போஜெனா வாசற்கதவைத் திறந்து, "வாங்க," என்றாள்.

குழந்தைகள் ஷூவைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். பெட்டியை ஒருமுறை பயத்தோடு பார்த்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரேடியோவுக்கு முன்னால் தரையில் நெருங்கி உட்கார்ந்தார்கள். ரேடியோ சூடாகி, கரகரத்து, முரசுச் சத்தம் வந்தது. கேப்டன் முதலையை ஒருவழியாகக் கொன்றார். ஒரு ஆள் வந்து ஓட்ஸ் கஞ்சியின் மகிமையைச் சொன்னான். பிறகு இருட்டும் பூச்சிகளின் சத்தமும், சமையல்காரன் பிப் விளக்கை ஏற்றுவதும். கூடாரத்துக்குள் போய் உட்காருகிறான் என்று சொன்னார்கள்.

மூச்சு கேட்டது. அடியில் இழுத்து, நடுவில் தங்கி, பிறகு வெளியே வரும் மூச்சு. மூன்று மாதம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. போஜெனா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எம்மெட் இவ்வளவு நன்றாகச் செய்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"யாராவது இருக்கீங்களா?" என்று லுட்விக் கேட்டார். களைத்துப்போன, பயந்த குரல். "இங்க யாராவது இருக்கீங்களா?"

பதில் வரவில்லை. பூச்சிகள் மட்டும் கத்தின.

"இருக்கேன்," என்றாள் போஜெனா.

"உஷ்," என்றாள் மிலாடா, திரும்பாமலே. "பேசாதீங்க அத்தை. டாக்டர் கூப்புடறாரு."

"இருக்கேன் டாக்டர்," என்றது ரேடியோவுக்குள்ளிருந்து சமையல்காரனின் குரல். "தூங்கல. இங்கதான் இருக்கேன்."

மூச்சு மறுபடியும் தொடங்கியது. போஜெனா வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் மூடாமல், அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.