கூடைக்காக ஓட்டின படகு

எங்க ஊட்டுக்காரருக்குப் பிடிவாதம்னா அப்படியொரு பிடிவாதம்ங்க. அம்பத்தெட்டு வயசு, ஒர்க்ஷாப்ல ஒத்தையா மோட்டாரத் தூக்கி இடுப்புல ஜவ்வு நகர்ந்து மூணு மாசம் படுத்துக் கிடந்த மனுசன். தங்கச்சி மக கல்யாணத்துக்கு நானேதான் கூடை தூக்குவேன்னு ஒத்தைக்கால்ல நின்னாரு.

எங்க நாயுடுமாரு கல்யாணத்துல பொண்ணு நடந்து மணவறைக்கு வரமாட்டாங்க. மூங்கில் கூடைக்குள்ள உக்கார வெச்சு, தாய்மாமன்மாரு ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிட்டு வரோணும். தேஜஸ்ரீக்கு அப்பா இல்ல, அவ பத்தாவது படிக்கறப்பவே போயிட்டாரு. கூடப்பொறந்த மாமன்னு இவர் ஒருத்தர்தான். இன்னொரு பக்கம் பிடிக்கறதுக்கு அன்னூர்ல இருக்கற சித்தப்பா மகன் திருமலைசாமி வாரேன்னுட்டாரு. உங்க பக்கத்த வேற யாராச்சும் பிடிக்கட்டும், நீங்க கூடையத் தொட்டுக்கிட்டு வந்தாப் போதும்னு சொல்லிப் பாத்தேன்.

"தொட்டுக்கிட்டு வாரதுக்கு மாமன் எதுக்கு பங்காரு?"ன்னு கேட்டுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. தெலுங்குல பங்காருன்னா தங்கம், என்னைய அப்படித்தான் கூப்பிடுவாரு.

கல்யாணத்துக்கு அஞ்சு மாசம் இருக்கறப்ப வாசல்ல ஒரு டெம்போ வந்து நின்னுது. ரோயிங் மெஷினாம். நீட்டமா ஒரு கம்பி, அதுமேல முன்னயும் பின்னயும் வழுக்கிட்டுப் போற சீட்டு, இழுக்கறதுக்கு ஒரு கைப்பிடி. அதுல உக்காந்து துடுப்புப் போடற மாதிரி இழுக்கோணுமாம். நொய்யல் ஆத்துல தண்ணி வந்தே எத்தனையோ மாசமாச்சு, பீளமேட்டுல என்ற ஹாலுக்குள்ள படகு! டீப்பாயத் தூக்கி வெளிய போட்டுட்டாரு. ரெண்டு நாளு நான் அவருகூடப் பேசவேயில்ல.

மூணாம் நாளு பேச வேண்டியதாப்போச்சு. மோட்டாரு தூக்கிப் பழகின ஆளுல்ல, பலத்தையெல்லாம் கையில போட்டு முக்கா மணி நேரம் இழுத்திருக்காரு. மறுநாளு கட்டில விட்டு எந்திரிக்க முடியல. முன்னால இடுப்புக்கு வைத்தியம் பாத்த பிசியோதெரபி டாக்டரம்மா ஹபீபுன்னிசாவ நானே போன் பண்ணி வரவெச்சேன். மெஷினத் திருப்பி அனுப்பச் சொல்லுவாங்கன்னு நம்பித்தான் கூப்பிட்டேன். அந்தம்மா என்னடான்னா, மெஷின் அருமையானதுங்க, சார் ஓட்டறதுதான் தப்புன்னு போட்டாங்க.

வலி நல்லா அடங்கட்டும்னு பத்து நாளு விட்டு, மறுபடி வந்து பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. பலமெல்லாம் கால்ல இருந்து வரோணும். மொதல்ல கால்ல தள்ளி, அப்புறமேட்டு உடம்பச் சாச்சு, கடைசியாத்தான் கைய இழுக்கோணும். முதுகு வளையக்கூடாது. இப்படி ஓட்டினா முழங்காலுக்கு இடி விழாது, காலு, வயிறு, முதுகு, தோளு எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல வேலை, நெஞ்சும் மூச்சும் பலப்படும்னாங்க. ஆனா அவசரம் ஆகாது, தினம் பத்து நிமிசத்துல ஆரம்பிச்சு ஏத்தோணும். கீழ இருக்கற எதைத் தூக்கினாலும் இதே முறைதானாம்.

அன்னையில இருந்து எனக்கொரு வேலை வந்து சேந்துச்சு. காலையில காப்பி டம்ளரோட பக்கத்துல நின்னு, "கால்ல தள்ளுங்க"ன்னு சொல்லிட்டே இருக்கோணும். மறந்தா மறுபடி கையில இழுக்க ஆரம்பிச்சுருவாரு, கெரகம்.

மூஞ்சிக்கு நேரா நான் சொல்லமாட்டேன், ஆனா உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. மூணாவது மாசம் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கல. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. செருப்பு மாட்டறதுக்கு நான் குனிஞ்ச காலம் போயி, அவரே குனிஞ்சு மாட்டுனாரு. அதைப் பாத்து அடுப்படிக்குள்ள போயி அழுதேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கறப்ப தேஜுவக் கூட்டிட்டு ஜாக்கெட் அளவு பாக்கப் போனேன். ரெண்டு தடவை பிடிச்சுத் தெச்ச ஜாக்கெட்டு, மறுபடியும் தொளதொளன்னு நிக்குது. டெய்லர் ஊசி குத்தறப்பவே கண்ணு சொருகி என்ற தோள்ல சாஞ்சுட்டா. தண்ணி குடுத்து உக்கார வெச்சு விசாரிச்சா, ரெண்டு மாசமா ராத்திரிக்கு ஒரு டம்ளர் மோரு, காலையில ஒரு இட்லியாம். அழகுக்காக இருக்கும்னு நெனச்சு நல்லாத் திட்டினேன். தலையக் குனிஞ்சுட்டே சொன்னா:

"மாமாவுக்கு மறுபடி இடுப்புப் பிடிச்சுட்டா, நான் எப்படி அத்தை மணவறையில உக்காருவேன்?"

அப்படியே ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்து இவருகிட்டச் சொன்னேன். மனுசன் கத்தவுமில்ல, திட்டவுமில்ல. அவள சோபாவுல உக்கார வெச்சுட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டி மெஷின்ல உக்காந்தாரு. இருவது நிமிசம், ஒரு தடவை நிக்கல. நான் சொல்லாமலே கால்லதான் தள்ளுனாரு. முடிச்சுட்டு வேர்வையத் தொடச்சுட்டே அவ முன்னாடி வந்து தரையில உக்காந்தாரு.

"அம்மிணி, இத்தனை நாளா இதை ஓட்டுனது முழு உன்னையத் தூக்கறதுக்கு. பாதி உன்னையத் தூக்கறதுக்கில்ல" அப்படீன்னாரு.

அவ மாமன் தோள்ல மூஞ்சிய வெச்சுட்டு அழுதா. நான் போயி சோத்தப் போட்டுட்டு வந்தேன். அன்னைக்கு மூணு தடவை ரசம் ஊத்திச் சாப்பிட்டா. அந்த மாசம் பூராவும் தினம் மத்தியானம் போன் பண்ணி, அவ என்ன சாப்பிட்டான்னு கேட்டுட்டுத்தான் இவரு தட்டுல கை வெப்பாரு.

கல்யாண நாளும் வந்துச்சு. பட்டுச்சேலை, நகை, மாலையோட தேஜு கூடைக்குள்ள உக்காந்திருந்தா. அந்தப் பக்கம் திருமலைசாமி, இந்தப் பக்கம் இவரு. மேளம் கொட்டுது. குனிஞ்சாரு, முதுகு லேசா வளையற மாதிரி தெரிஞ்சுது. சம்பந்திமாரெல்லாம் பாக்கறாங்கன்னுகூட நான் யோசிக்கல, "ஏனுங்க, கால்ல தள்ளுங்க"ன்னு சத்தம் போட்டுட்டேன். டக்குனு நிமிந்து, முழங்கால மடக்கி, தள்ளுனாரு பாருங்க. கூடை அலுங்காம மேல வந்துச்சு. மணவறை வரைக்கும் இருவது, இருவத்தஞ்சு அடி இருக்கும். தேஜுவப் பெத்த நாத்தனாரு வாயப் பொத்திட்டு அழுதுட்டே பின்னால நடந்தா.

மெதுவா இறக்கி வெச்சுட்டு நேரா என்கிட்டத்தான் வந்தாரு. இடுப்பு வலிக்குதுங்களான்னு கேட்டேன். இல்லைன்னு தலைய ஆட்டுனாரு. கண்ணெல்லாம் தண்ணி.

"மூணு கிலோ கூடியிருக்கா பங்காரு" அப்படீன்னாரு.